ஒத்திகையற்ற இசை: மெம்பிஸ் நால்வரும் வன்னிக் களரியும்

கலை வரலாற்றிலே ஐதீகங்கள் எளிதில் தோன்றுகின்றன. ஆனால் எளிதில் மறைவதில்லை. ஒரு கலைஞன் எவ்வித ஆயத்தமுமின்றி, அக்கணத்து உந்துதலால் மட்டும் பெரும் படைப்பொன்றை நிகழ்த்தினான் என்று கேட்பதில் மக்களுக்கு என்றும் ஒரு மகிழ்ச்சி உண்டு. உழைப்பை மறைத்து அருளை முன்னிறுத்தும் கதை அது. அத்தகைய கதைகளை அப்படியே ஏற்றுக்கொள்வது இரசிகனுக்கு இயல்பாகலாம். அவற்றின் உள்ளே உள்ளதென்ன, மறைந்திருப்பதென்ன என்று பிரித்தறிவதே திறனாய்வின் பணி.

மேலைத்தேய வெகுசன இசையில் இவ்வகை ஐதீகங்களுள் தலையாயது 1956ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, அமெரிக்காவின் ரெனெசி மாநிலத்து மெம்பிஸ் நகரிலே நிகழ்ந்தது. யூனியன் அவெனியூ 706ஆம் இலக்கத்தில் அமைந்திருந்த 'சன்' ஒலிப்பதிவு நிலையத்திற்குக் கார்ள் பேர்க்கின்ஸ் என்னும் பாடகர் புதிய பாடல்களைப் பதிவு செய்ய வந்திருந்தார். அவருடன் அவருடைய சகோதரர் இருவரும், மேளவாத்தியக்காரரான டபிள்யூ. எஸ். ஹொலண்டும் இருந்தனர். முதல் இசைத்தட்டு வெளிவந்து சில நாட்களே ஆகியிருந்த ஜெரி லீ லூயிஸ் என்னும் இளைஞர் கூலிக்குப் பியானோ வாசிக்க அமர்த்தப்பட்டிருந்தார். அவ்வேளையில் எல்விஸ் பிறெஸ்லி தம் தோழியொருவருடன் அங்கு வந்து சேர்ந்தார். அந்நிலையத்திலேதான் அவர் முதன்முதல் புகழடைந்தார். 1955இன் இறுதியில் அவரது ஒப்பந்தத்தை நிலைய அதிபரான சாம் பிலிப்ஸ் 35,000 டொலருக்கு வேறொரு பெரிய நிறுவனத்திற்கு விற்றிருந்தார். அதே நிலையத்தின் பாடகரான ஜோனி காஷும் அன்று அங்கு இருந்தார். பேர்க்கின்ஸின் பதிவு வேலை நின்றது. பியானோவைச் சூழ்ந்து நின்றவர்கள் தமக்குத் தெரிந்தவற்றையெல்லாம் பாடத் தொடங்கினர். ஒலிநாடா ஓடிக்கொண்டிருந்தது.

இதுவே 'பத்து இலட்சம் டொலர் நால்வர்' என்று பெயர்பெற்ற நிகழ்ச்சி. றொக் அன்ட் றோல் இசையின் பிறப்புக்கு மிக அண்மையில் நின்ற நால்வர் ஒருமுறை, ஒரே முறை, ஒன்றாகப் பாடினர் என்பதே ஐதீகத்தின் சாரம்.

முதலில் அப்பெயரையே நோக்குவோம். அதனை இட்டவர் பாடகர் அல்லர், பத்திரிகையாளர். கூடியிருந்தோரின் பெறுமதியை உடனே உணர்ந்த சாம் பிலிப்ஸ் உள்ளூர்ப் பத்திரிகையொன்றுக்குச் செய்தி அனுப்பினார். பத்திரிகையாளர் புகைப்படக்காரருடன் வந்தார். மறுநாள் அக்கட்டுரை அச்சேறியது. ஆகவே தற்செயலாகத் தொடங்கிய ஒரு கூடல், அது முடியுமுன்னரே விளம்பரமாக மாறிவிட்டது. இசையின் மதிப்பு டொலரிலே சொல்லப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கது. எந்தச் சமூகம் எதனைக் கொண்டு கலையை அளக்கிறதோ அதுவே அக்கலைக்கு அச்சமூகம் சூட்டும் பெயரிலும் வெளிப்படும்.

அடுத்தது நால்வர் என்ற எண். அந்த அறையிலே நால்வர் மட்டும் இருக்கவில்லை. பேர்க்கின்ஸின் சகோதரரும் ஹொலண்டும் வாத்தியங்களுடன் நின்றனர். அவர்களது தாளமும் கம்பியொலியும் ஒலிநாடாவிலே கேட்கின்றன. அன்று எடுக்கப்பட்ட புகழ்பெற்ற புகைப்படத்தில் பிறெஸ்லி பியானோவின் முன் அமர்ந்திருக்க ஏனைய மூவரும் சூழ நிற்கின்றனர். அவருடன் வந்த பெண்ணும் அப்படத்தில் இருந்தார். எனினும் பெரும்பாலான பிரதிகளில் அவர் வெட்டி நீக்கப்பட்டுள்ளார். மறுபுறம், படத்திலே தெளிவாகத் தெரியும் ஜோனி காஷின் குரலோ ஒலிநாடாவிலே தெளிவாகக் கேட்பதில்லை. தாம் தொடக்கம் முதல் இறுதிவரை அங்கிருந்ததாகவும், ஒலிவாங்கிக்கு அப்பால் நின்று வழமையிலும் உயர்ந்த சுருதியிற் பாடியதாகவும் அவர் பிற்காலத்தில் எழுதினார்; அவர் சிறிது நேரத்தில் வெளியேறிவிட்டார் என்போரும் உளர். பாடியோர் சிலர் பெயரற்றுப் போக, குரல் கேளாத ஒருவர் பெயர் பெற்றுள்ளார். ஐதீகம் என்பது நினைவு மட்டுமன்று, தேர்ந்தெடுத்த மறதியுமாகும்.

இனி, ஒலிநாடாவிற்கு வருவோம். அது கால் நூற்றாண்டுக் காலம் வெளியுலகைக் காணவில்லை. 1981ஆம் ஆண்டிலேயே அதன் ஒரு பகுதி, 17 பாடல்களாக, ஐரோப்பாவில் இசைத்தட்டாக வெளிவந்தது. பெரும்பகுதி அதே தசாப்தத்தின் பிற்பகுதியில் வெளியாயிற்று. ஐதீகத்தை நம்பி அதனைக் கேட்பவர் முதலில் ஏமாற்றமே அடைவர். பல பாடல்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. சொற்கள் மறந்து போகின்றன. நடுவே சிரிப்பும் பேச்சும் குறுக்கிடுகின்றன. மேடைக்கச்சேரியின் அளவுகோலால் அளந்தால் இது ஒரு குறைப்படைப்பு என்றே முடிவு செய்யவேண்டும்.

ஆயினும் அந்த அளவுகோல் இங்கே பொருந்தாது. அப்பதிவிலே இரு வகைப் பாடல்கள் உள்ளன. ஒன்று, அக்காலத்து வெகுசனப் பாடல்கள். அவற்றைப் பாடும்போது ஒருவர் முன்னே செல்ல, ஏனையோர் தடுமாறிப் பின்தொடர்கின்றனர். மற்றையது, தேவாலயங்களிற் பாடப்படும் பக்திப் பாடல்கள். இவ்வகைப் பாடல் தொடங்கியதும் அறையின் தன்மையே மாறிவிடுகின்றது. ஒருவர் அடியெடுக்க, மற்றவர்கள் தத்தமக்குரிய சுருதியை யாரும் சொல்லாமலே கண்டுகொள்கின்றனர். ஒருவர் விடுத்த இடத்தை மற்றவர் நிரப்புகின்றார். போட்டி மனப்பான்மை மிக்க இளைஞர்கள், இருபதுகளிலே நின்றவர்கள், அங்கே ஒரு சபையாகிவிடுகின்றனர். அப்பதிவின் மிகச் சிறந்த பகுதி இதுவே. காரணம் வெளிப்படையானது. அவர்கள் அனைவரும் தென்மாநில ஏழைக் குடும்பங்களிற் பிறந்து, சிறுவயதிலிருந்தே தேவாலயத்தில் அப்பாடல்களைக் கேட்டும் பாடியும் வளர்ந்தவர்கள். அன்று அவர்களுக்கு ஒத்திகை இருக்கவில்லை என்பது மேலோட்டமான உண்மை. அவர்களது இளமைக்காலம் முழுவதுமே ஒத்திகையாக இருந்தது என்பதே உள்ளார்ந்த உண்மை.

அந்தப் பொதுக்களஞ்சியம் யாருடையது என்ற வினாவும் இங்கு எழுகின்றது. அவர்கள் பாடிய பாணியின் பெரும்பகுதி கறுப்பின மக்களின் தேவாலயத்திலும், அவர்களது வயல்வெளிப் பாடல்களிலும் வேர்கொண்டது. கறுப்பினப் பாடகரான சக் பெரியின் பாடலொன்றை அவர்கள் விருப்பத்துடன் மீண்டும் மீண்டும் எடுத்துப் பாட முயல்கின்றனர். லாஸ் வேகாஸ் நகரிலே தாம் கேட்ட கறுப்பினப் பாடகர் ஒருவர் தமது பாடலைத் தம்மிலும் சிறப்பாகப் பாடினார் என்று பிறெஸ்லி வியந்து கூறுவதும் அதே நாடாவிற் பதிவாகியுள்ளது. அவர் பெயரை பிறெஸ்லி குறிப்பிடவில்லை. அவர் ஜாக்கி வில்சன் என்பதைப் பின்வந்தோர் அறிவர். கடன் ஒப்புக்கொள்ளப்படுகிறது, ஆனால் கடன் கொடுத்தவர் அறையில் இல்லை. அதே டிசெம்பர் மாதத்திலேதான் மொன்ற்கொமரி நகரில், பேருந்துகளில் நிலவிய இனப்பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் ஓராண்டுக்கு மேலாக நடத்திய பகிஷ்கரிப்பு வெற்றியுடன் முடிவுற்றது என்பதை நினைவிற்கொண்டால், அந்த இல்லாமையின் பொருள் விளங்கும்.

இவ்வளவும் தூரத்து நாடொன்றின் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் ஒத்திகையின்றிக் கூடும் இசை தமிழருக்கு அந்நியமானதன்று. தமிழ்நாட்டிலே சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகங்களை அடியொற்றி வளர்ந்த 'ஸ்பெஷல் நாடகம்' இதற்குச் சிறந்த சான்று. அதில் நடிகர்கள் ஒரு குழுவினராக இருப்பதில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே அமர்த்தப்பட்டு, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, அன்றிரவு மேடையிலேயே சந்திப்பர். கதை எல்லோருக்கும் தெரியும். பாடல்கள் எல்லோருக்கும் பாடம். தர்க்கமும் விடையும் அக்கணத்திலே பிறக்கும். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1926 அளவிற் கொழும்பிலே இணைந்து நடித்தமை இவ்வகையிலே நம் மெம்பிஸ் எனலாம். ஒருவர் குரலுக்கு மற்றவர் ஈடுகொடுப்பாரா என்ற ஊராரின் ஐயமே அந்த இரவுகளை ஐதீகமாக்கியது. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களிலே பல நாதஸ்வர, தவில் கோஷ்டியினர் ஒரே வீதியிற் கூடி விடியும்வரை வாசிக்கும் 'மேளச்சமா'வும் இத்தகையதே. தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) போன்றோரின் புகழ் வளர்ந்தது இவ்வாறான சூழலிலேயே. ஒரு வித்துவான் விட்ட சொற்கட்டை மற்றவர் எடுத்து மடக்கித் திருப்பும்போது, வீதியிலே நிற்கும் சாதாரண இரசிகனுக்கும் கணக்குப் புரிந்திருக்கும்.

வன்னிப் பெருநிலப்பரப்பிலே இதனை இன்னும் தெளிவாகக் காட்டுவது கூத்துக் களரி. முல்லைத்தீவுப் பகுதிக்குரிய கோவலன் கூத்து கண்ணகி வழிபாட்டோடு பிணைந்தது. வற்றாப்பளை அம்மன் பொங்கலும், முள்ளியவளைக் காட்டாவிநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரியும் வழக்கமும் நிலைபெற்ற மண்ணிலே அக்கதை வெறும் கதையன்று. அதனோடு, அம்மனுக்கு நேர்த்தியாக ஆடப்படும் காத்தவராயன் கூத்தும் வன்னியெங்கும் வேரூன்றியது. சிந்துநடையில் அமைந்த அதன் மெட்டுக்கள் எளியவை. ஒருமுறை கேட்டவர் மறுமுறை முணுமுணுப்பர். காத்தான் என்னும் ஒரே பாத்திரத்தை ஓரிரவில் ஒருவர்பின் ஒருவராகப் பலர் ஏற்று ஆடுவர். களரிக்குப் புறத்தே நிற்கும் பிற்பாட்டுக்காரர் ஒவ்வோர் அடியையும் வாங்கிப் பாடுவர். நடிகன் சொல் மறந்தால் பிற்பாட்டுக் கைகொடுக்கும். பிற்பாட்டும் தவறினால், பாயிலே இருக்கும் மூதாட்டி ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள். மெம்பிஸ் அறையில் தேவாலயப் பாடல் தொடங்கியதும் நிகழ்ந்தது இங்கே ஓர் ஊர் முழுவதற்கும் நிகழ்கின்றது.

மற்றோர் ஒற்றுமையும் உண்டு. மெம்பிஸ் பருத்தி நிலத்துக் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த வெள்ளையரும் கறுப்பரும் தத்தம் பாடல்களோடு சந்தித்த நகரம். கிளிநொச்சிக்கும் அத்தகைய வரலாறு உண்டு. 1930களிலிருந்து இரணைமடுக் குளத்தை நம்பிய குடியேற்றங்களுக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து மக்கள் வந்தனர். 1977ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் மலையகத் தமிழர் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளிற் குடியேறினர். பழைய வன்னிக் கிராமத்தவருக்கு அவர்களது கூத்து இருந்தது. குடாநாட்டார் தம் இசைநாடக மரபை அறிந்திருந்தனர். மலையகத்தாருக்குக் காமன் கூத்து இருந்தது. களஞ்சியங்கள் பல அருகருகே வைக்கப்பட்ட இடமே புதுமை பிறக்கத்தக்க இடம். ஆனால் அருகருகே இருத்தல் வேறு. ஒரே பியானோவைச் சூழ்ந்து நிற்றல் வேறு. மெம்பிஸ் அறையில் யார் இல்லை என்று கேட்ட அதே வினாவை இங்கும் கேட்டேயாகவேண்டும். வீதியிலே தவில் வித்துவானுக்குப் பொன்னாடை போர்த்திய சமூகம் அவரைத் தன் வீட்டுத் திண்ணையில் சமமாக இருத்தியதா? மரபுவழிக் களரியிலே ஆரியமாலையாக ஆடியவன் ஆண். பாடல் முழுவதையும் மனத்திற் கொண்டிருந்த பெண் பாயிலேயே இருந்தாள். புகைப்படத்திலிருந்து வெட்டப்பட்டவர்கள் மெம்பிஸில் மட்டும் இல்லை.

இக்கூத்து மரபு நவீன அரங்கிற்கு வந்த வரலாறும் 1956ஐயே தொட்டு நிற்கின்றது. மெம்பிஸ் கூடலுக்கு ஒரு மாதம் முன்னர், அவ்வாண்டு நவம்பர் 3ஆம் திகதி, பேராசிரியர் சரச்சந்திரவின் 'மனமே' கொழும்பில் மேடையேறியது. தமிழ்க் கூத்தின் செல்வாக்குப் பெற்ற நாடகம எனும் வடிவத்தை அது செம்மைப்படுத்திற்று. அதன் விளைவாக எழுந்த உணர்வோடு பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்துக்களைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். விடியும்வரை ஆடப்பட்டது ஒன்றிரண்டு மணித்தியாலத்துள் அடங்கியது. கற்றோர் கூத்தை இழிவாக நோக்கிய நிலை அதனால் மாறியது. அம்முயற்சி இல்லாவிடின் பல கூத்துக்கள் பெயரளவிலேனும் எஞ்சியிரா. இதனை மறுப்பது நன்றிகேடாகும்.

எனினும் அச்செம்மையாக்கத்தின் நிழலிலே இன்று பரவியிருப்பது வேறொன்று. பாடசாலைப் போட்டிகளிலும் விழா மேடைகளிலும் கூத்து நிமிடக் கணக்கில் அளக்கப்படுகின்றது. பிரதி முன்கூட்டியே நிலைப்படுத்தப்படுகின்றது. மணி அடிக்குமுன் முடித்தாகவேண்டும். பிழை விட்டவனுக்குப் புள்ளி குறையும்; எடுத்துக் கொடுப்பவருக்கு அங்கே இடமில்லை. ஆட்டம் திருத்தமாக இருக்கின்றது. உடை பொலிவாக இருக்கின்றது. ஆனால் எதிர்பாராத எதுவும் நிகழ முடியாதபடி எல்லாம் அமைக்கப்பட்டுள்ளன. கூத்தின் உயிர் பிரதியிலன்றி, பிரதி தவறும் இடத்திலே அதனைத் தாங்கிப் பிடிக்கும் கூட்டு நினைவிலே உள்ளது எனின், போட்டி மேடை காப்பாற்றுவது உடலை மட்டுமே.

இந்தக் கூட்டு நினைவுக்கு நேர்ந்த பேரழிவையும் கூறாமல் இருத்தல் இயலாது. 2008, 2009ஆம் ஆண்டுகளிலே கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மக்கள் ஊரூராக இடம்பெயர்ந்து, எஞ்சியோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டனர்; அம்முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. கூத்துக் கொப்பிகளும் ஒலிநாடாக்களும் வீடுகளோடு அழிந்தன. அவை பெரிய இழப்பே. ஆனால் அடியெடுத்துக் கொடுக்கத் தெரிந்த மூதாட்டியரும், பிற்பாட்டு வரிசையில் நின்றவர்களும், அண்ணாவிமாரும் மாண்டதும் சிதறியதும் அதனிலும் பெரிய இழப்பு. மெம்பிஸில் நால்வருக்குப் பின்னர் ஒலிநாடா எஞ்சியது. வன்னியில் எத்தனையோ இரவுகளுக்கு நாடாவும் இல்லை, நால்வரின் பெயரும் இல்லை.

ஆகவே எதனைக் காப்பது என்பதே இன்றைய வினா. எஞ்சியுள்ள அண்ணாவிமாரின் பாடல்களைப் பதிவு செய்தல் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் மெம்பிஸ் ஒலிநாடாவின் வரலாறு ஓர் எச்சரிக்கையாகவும் அமைகின்றது. அந்தப் பதிவு ஒரு பிற்பகலைக் காத்தது, அப்பிற்பகலைச் சாத்தியமாக்கிய தேவாலய வாழ்வை அது காக்கவில்லை, காக்கவும் முடியாது. பிற்காலத்தில் அந்நிகழ்ச்சியே ஓர் இசைநாடகமாக்கப்பட்டு 2010இல் நியூயோர்க்கின் பிரோட்வே அரங்கிற்கு வந்தது. ஒத்திகையின்றி நிகழ்ந்ததை நடிகர்கள் ஒத்திகை பார்த்து இரவுதோறும் நிகழ்த்தினர். கூத்தைப் பேழைக்குள் வைத்துக் காக்க முனைவோருக்கும் இம்முரண் காத்திருக்கின்றது.

ஓரிரவைக் காப்பதிலும், இன்னோர் இரவு நிகழக்கூடிய நிலையைக் காப்பதே கடினமானதும் தேவையானதுமாகும். அதற்கு வேண்டுவன சில. மணி அடிக்காத களரி வேண்டும். பிழைவிட அஞ்சாத இளைஞர் வேண்டும். பெண்ணும், இதுவரை புறத்தே நிறுத்தப்பட்டவரும் பாயிலிருந்து எழுந்து களரிக்குள் வரவேண்டும். அனைத்திற்கும் மேலாக, பாடல் தெரிந்த பார்வையாளர் வேண்டும். நால்வர் கூடினால் இசை பிறக்கும் என்பது ஐதீகம். நால்வருக்கும் பொதுவான பாடலை ஓர் ஊர் முன்னரே பாடியிருக்கவேண்டும் என்பதே வரலாறு.